கல்லில் இல்லாத லெட்டி

மார்ச் 9, 1920. செவ்வாய்

காலையிலிருந்து சலவை. வெயில் அடிக்கும் என்று நம்பி விரிப்புகளைக் கொடியில் போட்டேன், போட்டு முடித்ததும் மழை. கறுப்புக் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. அடுத்த ஞாயிறு அது சட்டிக்குள் போகும், அதனிடமே சொல்லிவிட்டேன்.

மதியம் தேவாலயப் பக்கம் போனேன். வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். போரில் இறந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கல்லறைத் தோட்டத்தில் கருங்கல் சிலுவை ஒன்று வைக்கப்போகிறார்களாம். பதினொரு பெயர்கள். விட்டுப்போன பெயர் இருந்தால் கமிட்டிக்குச் சொல்ல வேண்டுமாம். மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன். லெட்டி இல்லை.

பீரங்கிக் குண்டுக்குள் மருந்து நிரப்பும் ஆலையில் வேலை செய்தாள் என் மகள். 1917இல் ஆலை வெடித்தது. பத்தொன்பது வயது. அவள் போரில் சாகவில்லை என்றால் பின்னே எதில் செத்தாள்? வயசாகியா செத்தாள்? சளியா, காய்ச்சலா?

என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸிடம் சொன்னேன். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வருஷமாகிறது, இந்த மனுஷன் வாயிலிருந்து மகள் பெயர் வந்து.

மார்ச் 11

பாதிரியார் மிஸ்டர் லைலைப் பார்த்தேன். நல்ல மனிதர், ஆனால் வெண்ணெய்க் கத்தி. எதையும் வெட்டமாட்டார், தடவுவார். "அரசருடைய சீருடையில் இறந்தவர்கள் மட்டும்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்கு மிஸஸ் டோசர்" என்றார். லெட்டியும் சீருடைதான் போட்டாள் என்றேன். கணுக்கால் வரை அங்கி, தலையில் தொப்பி, மரக்கட்டைக் காலணி. ஒரு ஹேர்பின் குத்தக்கூட அனுமதி கிடையாது, பொறி பறக்கும் என்று. எந்தச் சிப்பாயின் தலைமுடியைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள்?

கமிட்டி வியாழக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் கூடுகிறது, அங்கே வந்து கேளுங்கள் என்றார். கேட்கிறேன். கேட்காமல் விடுவேனா?

மார்ச் 16

வயலுக்கு அப்பாலிருந்த மிஸஸ் யோ விடியற்காலையில் போய்விட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பெரிய மணி கேட்டது. இரண்டு, இரண்டு, இரண்டு. பெண். கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்று வயதை எண்ணினேன். எழுபதைத் தாண்டியதுமே யாரென்று தெரிந்துவிட்டது. எதிர் வயலில் ஏர் ஓட்டியவர்கள் குதிரைகளை நிறுத்திவிட்டு அவர்களும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆணுக்கு மூன்று மூன்றாக ஒன்பது, பெண்ணுக்கு இரண்டு இரண்டாக ஆறு, அப்புறம் வயது. நம் ஊரில் மூக்கொழுகும் பிள்ளைக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும்.

லெட்டிக்கு அடிக்கவில்லை. இந்த மண்ணில் இறந்தவர்களுக்குத்தான் மணி. அவளை ஆலைக்குப் பக்கத்திலேயே, மற்றப் பெண்களோடு ஒரே குழியில் வைத்துவிட்டார்கள். பெட்டியைத் திறக்க விடவில்லை. பெட்டியில் என்ன இருந்தது என்று நான் கேட்கவும் இல்லை.

மார்ச் 18

முதல் கமிட்டி. பேச விடவில்லை. "கடிதமா எழுதிக் கொடுங்க" என்றார் கமிட்டித் தலைவர் கர்னல் டெல்மார். எழுதினால் அலமாரிக்குள் போகும். நான் எழுதவில்லை. அடுத்த வாரம் நேரில் வருகிறேன் என்றேன்.

மார்ச் 25

போனேன். முடியாது என்றார்கள்.

ஏப்ரல் 1

போனேன். முட்டாள்கள் தினத்தில் போவது பொருத்தம்தான் என்று பால்காரர் சிரித்தார். அவருக்கு இனிமேல் என் வீட்டில் டீ கிடையாது.

ஏப்ரல் 8

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நான் செய்தது இங்கேயாவது ஒழுங்காகப் பதியட்டும்.

இன்று கூட்டத்துக்கு ஊர்க்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கல்லின் வரைபடத்தைக் காட்டினார்கள். எழுந்து வழக்கம்போல லெட்டியைக் கேட்டேன். கர்னல் பொறுமையாகவே பதில் சொன்னார். அவர் மகன் பெயரும் அந்தப் பதினொன்றில் இருக்கிறது. போர்முனையில் உயிரைக் கொடுத்தவர்களும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களும் ஒன்றாகிவிட முடியுமா என்றார். பின்வரிசையில் யாரோ பட்டுக் காலுறை என்று முனகினார்கள். ஆலைப் பெண்கள் எல்லாம் பட்டுக் காலுறை போட்டு ஆடினார்கள் என்று அந்த நாளில் ஒரு பேச்சு இருந்தது. என் மகள் விடுமுறைக்கு வந்தபோது முகமும் கையும் மஞ்சளாக வந்தாள், அந்த மருந்தால். தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். காலுறையாம்.

கோபம் தலைக்கேறிவிட்டது. சொல்லிவிட்டேன். "நெட் ஹரல் எந்தப் போர்முனையில செத்தான்? கேம்ப்ல தட்டம்மை வந்துதானே செத்தான்? பிரான்ஸைக் கண்ணால பாத்தானா? அவன் பேர் இருக்குல்ல?"

நெட்டின் அம்மா ரோடா எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

ரோடா. மணிக்கூண்டில் ஆண்கள் எல்லோரும் போருக்குப் போனபிறகு ஆறு கயிறுகளையும் இழுக்க ஆள் இல்லாமல், பெண்கள் நாங்கள் போய் நின்றோமே, அன்று என் பக்கத்துக் கயிறு லெட்டியுடையது. லெட்டி ஆலைக்குப் போனதும் அந்தக் கயிற்றை வாங்கிக்கொண்டவள் ரோடா. சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சீ, என்ன நாக்கு இது.

ஏப்ரல் 13

மணிப் பயிற்சி. ரோடா வரவில்லை. ஐந்து மணிகள்தான் அடித்தோம். எங்கள் தலைவர் கிழட்டு ஜோப் பிடில் என்னைப் பார்த்துவிட்டு, வாயில் பல் விழுந்த குழந்தை மாதிரி இருக்கிறது சத்தம் என்றார். லெட்டியின் கயிறு சும்மா தொங்கியது. கையால் பிடிக்கும் கம்பளிச் சுற்றில் இன்னும் லேசாக மஞ்சள் இருக்கிறது. கடைசி விடுமுறையில் வந்து ஒரு சாயங்காலம் முழுக்க அடித்துவிட்டுப் போனாள். ரோடா அந்தக் கறையைத் துவைக்கவே இல்லை. இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், அதைக்கூட யோசிக்காமல்தான் பேசினேனா?

ஏப்ரல் 17

ரோடா வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள். மன்னிச்சிடு, பொய்யாப் பேசிட்டேன் என்றேன்.

"பொய்யில்ல கெசியா. பொய்யா இருந்தா வலிக்காது" என்றாள். "என் பையன் கட்டில்ல கெடந்து, கழுத்தெல்லாம் சிவந்து செத்தான். அவன் கூடப் படிச்சவங்க எல்லாம் சண்டையில செத்தாங்க. கல்லுல பேர் வந்தா ஊர் அதை மறந்துடும், பத்தோட ஒண்ணா அவனும் நிப்பான்னு நெனச்சேன். நீ எல்லாருக்கும் ஞாபகப்படுத்திட்ட."

கதவைச் சாத்திவிட்டாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 18. ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நின்று பேசும் நேரத்தில், படியில் ஏறி நின்றேன். நெட் ஹரல் பெயர் கல்லில் இருக்க வேண்டிய பெயர், அவன் அரசர் கூப்பிட்டுப் போனவன், எந்தக் கட்டிலில் செத்தால் என்ன, வீட்டுக் கட்டிலில் சாகவில்லை, நான் சொன்னது தப்பு என்றேன்.  ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். ரோடா நேராகப் பார்த்தபடி என்னைக் கடந்து போனாள். போகட்டும். நான் கூட்டத்தில் காயப்படுத்தினேன், கூட்டத்தில்தான் துடைக்க வேண்டும்.

லெட்டியை இனி யார் முதுகிலும் ஏற்றிக் கல்லுக்கு அனுப்பமாட்டேன். அவள் தன் காலிலேயே போகட்டும்.

மே 6

போனேன். முடியாது என்றார்கள். மே மாதம் முழுக்க இதையேதான் எழுதுவேன் போலிருக்கிறது.

மே 27

இந்தக் கூத்தை எழுதியே ஆக வேண்டும். போன வாரம் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. எனக்குச் சொல்லாமல் கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்களாம். கர்னலின் குதிரை வண்டி பாதிரியார் வீட்டு வாசலில் நிற்பதை நேற்று பார்த்தேன். கூடையில் முட்டைகளை எடுத்துக்கொண்டு சமையலறை வழியாக நுழைந்து, நேராகக் கூடத்தில் போய் நின்றேன். "முட்டை கொண்டாந்தேன். அப்படியே லெட்டி பேரையும் கேட்டுட்டுப் போறேன்." மிஸ்டர் லைலுக்குச் சிரிப்பு வந்து, இருமுவதுபோல் நடித்தார். கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனை தடவை வருவீங்க மிஸஸ் டோசர்?" என்று கேட்டார்.

"நீங்க எத்தனை தடவை கூடுவீங்களோ அத்தனை தடவை சார்."

ஜூன் 15

ரோடா மணிப் பயிற்சிக்கு வந்துவிட்டாள். என்னோடு பேசவில்லை. ஆனால் கயிற்றைப் பிடித்தாள். ஆறு மணியும் அடித்தது.

ஜூலை 20

கல் ரயிலில் வந்திறங்கிவிட்டது. அதை ஸ்டேஷனிலிருந்து ஏற்றி வர நம் ஊரில் அவ்வளவு பலமான வண்டி ஒன்றுதான். ஆம்ப்ரோஸின் வண்டி. எங்கள் குதிரைகள்.

முடியாதுன்னு சொல்லிடுங்க என்றேன். எவன் வேண்டுமானாலும் இழுக்கட்டும், அவர்களே தோளில் சுமக்கட்டும், நம் பெண்ணை ஒதுக்கின கல்லை நம் குதிரை ஏன் இழுக்க வேண்டும்? கத்தினேன். அடுத்த வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் குதிரையின் குளம்பைத் தூக்கி மடியில் வைத்து, அதில் சிக்கிய சரளையைக் கிளறிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"கல்லு என்ன பண்ணுச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 21

கொண்டு வந்துவிட்டார். செங்குத்தான ஏற்றத்தில் குதிரைகள் நுரை தள்ளின. பெண்கள் வேலிப் பக்கம் நின்று பார்த்தார்கள். நான் வீட்டுக்குள் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்க்கவும் இல்லை. சரி, பார்த்தேன். சாக்குத் துணி சுற்றிய நீளமான ஒன்று. சவப்பெட்டி போலவேதான் இருந்தது.

இரவு உணவுக்கு மாவுக்குள் நெல்லிக்காய் வைத்துச் சுடும் பையைச் செய்யாமல் வெறும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தேன். வேண்டுமென்றுதான். சாப்பிட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார், "நம்ம பசங்க கல்லு ஸ்டேஷன் சேத்துல கெடக்குதேன்னு அவதான் முதல்ல கேட்டிருப்பா."

அவ. பெயர் இல்லை. ஆனால் அவ. மூன்று வருஷத்தில் முதல்முறை. எழுந்து போய் அழுதேன், பிறகு வந்து பை செய்தேன். வெந்து முடிய வெகுநேரம் ஆனது, அவர் உட்கார்ந்தே இருந்தார்.

ஆகஸ்ட் 19

போனேன். முடியாது.

செப்டம்பர் 2

போனேன். இந்த முறை கர்னல் முடியாது என்று சொல்லவில்லை.  அது இன்னும் மோசம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரே பிள்ளை என்பது வெளியே வந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் மேல் பரிதாபப்பட எனக்கு இப்போது நேரமில்லை.

அக்டோபர் 14

சிற்பி எழுத்துகளை வெட்டி முடித்துவிட்டான். போய் நின்றேன். பதினொன்று. அதற்கும் கீழே வெறுமையாக நாலு விரல் அகலம் இருக்கிறது, கல்லின் அளவு அப்படி அமைந்துவிட்டதாம். உளியும் சுத்தியும் பக்கத்திலேயே கிடந்தன, அவன் சைடர் மது குடிக்கப் போயிருந்தான்.

உளியைக் கையில் எடுத்தேன். பொய் சொல்லமாட்டேன், எடுத்தேன். கிறுக்கலாக வந்தாலும் பரவாயில்லை, 'லெ' என்று ஒரு எழுத்தாவது.

கீழே வைத்துவிட்டேன். நெட்டின் பெயர் பக்கத்திலேயே இருந்தது, ரோடா வந்து பார்க்கப்போகும் கல் அது. இன்னொரு முறை அவளுடையதைக் கெடுக்கமாட்டேன். அதோடு, என் மகள் திருட்டுத்தனமாக ஏன் நுழைய வேண்டும்? கூப்பிட்டால்தான் வருவாள்.

அக்டோபர் 26

மிஸ்டர் லைல் மணிக்கூண்டுக்கு வந்தார். திரை விலக்கும் நாள் நவம்பர் ஏழு. இந்தப் பிள்ளைகள் எல்லாம் வெளியில் இறந்ததால் ஊரில் மணி அடிக்கப்படவில்லை, அன்றைக்குப் பெயர்களைப் படித்ததும் எல்லோருக்கும் சேர்த்துப் பெரிய மணியில் ஒன்பது அடிக்க வேண்டும் என்றார். நல்ல யோசனை. லெட்டியும் வெளியில்தான் இறந்தாள்.

பெரிய மணிக்கு நிதானமான கை வேண்டும். ஜோப் எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் தோள் மூட்டைத் தடவிக்கொண்டு, "ரோடா" என்றார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நெட்டின் அம்மா அடிக்கட்டும்.

நவம்பர் 6

ஆம்ப்ரோஸ் கறுப்புக் கோட்டை எடுத்து வெளியே மாட்டினார். நாளைக்கு மேலே கூண்டில் நிற்காதே, கீழே எங்கூட நில்லு என்றார். நான் வரவே போவதில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். வருகிறேன். தலை நிமிர்ந்து வருகிறேன். யாராவது காலுறை என்று முனகட்டும், பார்க்கிறேன்.

நவம்பர் 7. ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.   

குளிர், ஆனால் மழை இல்லை. ஊர் முழுக்க, கிராமத்துக்கு வெளியே உள்ள பண்ணைக்காரர்கள் உட்பட, கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. இறந்தவர்களின் வீட்டார் கல்லைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே, மற்றவர்கள் வெளியே. நாங்கள் வெளியே. வேலிக்குப் பக்கத்தில், யோ குடும்பத்துக் கல்லறைகளின் நடுவில். ரோடா தன் இடத்தில் இல்லை, மேலே கூண்டில் இருந்தாள்.

கர்னல் கொடித்துணியை இழுத்தார். மிஸ்டர் லைல் பெயர்களைப் படித்தார். எட்வர்ட் ஹரல் என்று நெட்டின் முழுப்பெயரைப் படித்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் முணுமுணுக்கவில்லை. நெட் மற்றவர்களோடு ஒருவனாக நின்றான். ரோடாவுக்கு அது மேலே கேட்டிருக்குமா என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும்.

பெயர்கள் முடிந்தன. பெரிய மணி. மூன்று. மூன்று. மூன்று. ஆண்கள் தலைகுனிந்து நின்றார்கள். மிஸ்டர் லைல் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். முன்வரிசையில் ஒருவர் தொப்பியைத் தலைக்குக் கொண்டுபோனார்.

மணி மறுபடியும் அடித்தது.

இரண்டு.

ஜோப் கணக்கைத் தவறவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் அடிப்பது ஜோப் அல்ல என்று நினைவு வந்தது.

இரண்டு. இரண்டு.

தொப்பியை உயர்த்தியவர் கை அப்படியே பாதியில் நின்றது. யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெண். ஊரில் இந்த வாரம் யாரும் சாகவில்லை. பிறகு வயதை அடிக்கத் தொடங்கினாள். நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு. அந்தக் கூட்டம் முழுக்க உதடு அசையாமல் எண்ணியது. பதினைந்து. பதினாறு. ஆம்ப்ரோஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார், எலும்பு நோகும்படி. பதினெட்டு. பத்தொன்பது.

அதோடு நின்றது.

கயிற்றுக்கு உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கல்லைப் பார்த்து நின்றவர்கள் எங்களைப் பார்த்து நின்றார்கள். அன்று பெஞ்சு மாறி உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கர்னல் திரும்பவில்லை. ஆனால் கல்லுக்கு வைத்த சல்யூட்டைப் பத்தொன்பது முடியும்வரை அவர் இறக்கவில்லை. மிஸ்டர் லைல் புத்தகத்தை மூடி, காத்திருந்து, மறுபடி திறந்தார். அந்த மணியை அவர் பாட்டால் மூடி மறைக்கவில்லை. அதற்காக அவரை எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட்டேன்.

நான் கேட்கவில்லை அவளை. கடவுள் சாட்சியாக, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நவம்பர் 8

ரோடாவைப் பார்க்கப் போனேன். கதவை முழுதாகத் திறந்தாள். ஜோப் திட்டினாரா என்று கேட்டேன்.

"நிறுத்துன்னு சொல்லவந்தாரு. அப்புறம் அவரே எண்ண ஆரம்பிச்சுட்டாரு" என்றாள். கெட்டிலை அடுப்பில் ஏற்றிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "அவ கயிறை வருஷக்கணக்கா நான்தானேடி பிடிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

இரண்டு பேரும் நன்றாக அழுதோம். டீ சுண்டிக் கசந்துவிட்டது.

பிப்ரவரி 3, 1921

வியாழக்கிழமை. கமிட்டி கலைந்துவிட்டதால் போக இடமில்லாமல் காலையிலிருந்து கால் அரித்தது. கோழிக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேலிக் கதவு திறக்கும் சத்தம். கர்னல் டெல்மார், தனியாக, நடந்து. சேறு படிந்த காலணியோடு முற்றத்தில் நின்றார். என் கை முழுக்க அசிங்கம்.

"என் மகனுக்கு அன்னைக்குத்தான் மணி கேட்டேன் மிஸஸ் டோசர். அவன் போனது அதுவரைக்கும் எனக்குப் பிடிபடல. உங்க மகளுக்கும் அதே மணியைக் கேட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கோழிகளைப் பார்த்தார். "கேட்டதைக் கேக்கலன்னு என்னால சொல்ல முடியல. கல்லுல கீழ இடம் இருக்கு. முழுப்பேர் சொல்லுங்க."

எத்தனையோ வியாழக்கிழமை ஒத்திகை பார்த்த வாய். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றேன். லாயத்திலிருந்து ஆம்ப்ரோஸ் வந்து நின்றது எனக்குத் தெரியாது. அவரும் பெயரைச் சொல்லவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன். லெட்டிஸ் மே டோசர். அவர் எழுதிக்கொள்ளவில்லை, தலையசைத்துவிட்டுப் போனார். அப்புறம்தான் அவரை உட்காரச் சொல்லக்கூட இல்லையே என்று வெட்கமாக இருந்தது. ஆம்ப்ரோஸிடம் முட்டை கொடுத்தனுப்பினேன்.

ஏப்ரல் 20

சிற்பி அவள் பெயரை வெட்டிவிட்டான். அதே எழுத்து, அதே அளவு. கல் தூளைச் சால்வை நுனியால் துடைத்தேன்.

நவம்பர் 11, 1921. வெள்ளி

போர் நின்ற நாள். கல்லைச் சுற்றிக் கயிறு கட்டவில்லை இந்த வருஷம். பாதிரியார் ஒருவரே படிக்காமல், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் தங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லட்டும் என்று ஏற்பாடு. ரோடா நெட்டின் பெயரைச் சொன்னாள், குரல் பிசகாமல். கடைசி முறை எங்களுடையது. நான் ஓரடி முன்னால் வைத்தேன்.

ஆம்ப்ரோஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முன்னால் போய் நின்று, வயல் தாண்டியும் கேட்கும் வண்டிக்காரக் குரலில், "லெட்டி" என்றார்.